பழைய மோட்டார்க் கருவிகள்: இனங்காணலும் விலைமதிப்பும்

தென் இங்கிலாந்திலே ஹாம்ஷியர்ப் பகுதியில் பியூலி என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அங்குள்ள மோட்டார் அரும்பொருட்சாலையைச் சூழ்ந்த புல்வெளியில் 1967 ஆம் ஆண்டு தொடக்கம் பழைய மோட்டார் உறுப்புக்களின் சந்தையொன்று கூடி வருகின்றது. செப்டெம்பர் மாதத்து ஈரப் புல்லின் மேல் தார்ப்பாய் விரித்து, விளக்குகள், கதவுப் பிடிகள், சக்கரங்கள், சுருட்டிய கருவிப் பைகள், துருவேறிய ஸ்பனர்கள் ஆகியவற்றை வியாபாரிகள் பரப்பி வைப்பர். இதற்கு மூத்த சந்தையொன்று அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்து ஹேர்ஷி நகரில் 1955 இல் தொடங்கியது. அது ஒக்டோபரில் கூடுவது.

இத்தகைய சந்தையிலே ஒரே மேசையின் மேல் இரு காட்சிகளைக் காணலாம். ஒரு பக்கம், வாளி நிறையப் பழைய ஸ்பனர்கள். எதை எடுத்தாலும் ஒரு பவுண் அல்லது இரண்டு பவுண். மறுபக்கம், துணியின் மேல் தனியாக வைத்த சிறு கருவித் தொகுதி. அதன் விலையோ பல நூறு பவுண். இரண்டும் உருக்கே, இரண்டும் நட்டைத் திருகவே பிறந்தவை, வாளியிற் கிடப்பது வயதில் மூத்ததாகவுங்கூட இருக்கக்கூடும். இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது என்பதை அறியாதவர் வாங்கும்போதும் ஏமாறுவர், விற்கும்போதும் ஏமாறுவர். விற்கும்போது ஏமாறுவதே பெருநட்டம். வாங்கி ஏமாந்தவர் கையிற் கருவியாவது எஞ்சுகின்றது.

பழையது எதுவோ அது விலை உயர்ந்தது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கின்றது. மோட்டார்க் கருவிகளைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையாகும். இதற்குச் சான்று ஹென்றி போர்ட் செய்வித்த ‘ரீ’ மாதிரி வண்டி. 1908 முதல் 1927 வரை அவ்வகை வண்டிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டன. வண்டியோடு குறடு, திருப்புளி, தாடை அசையும் ஸ்பனர், தீப்பொறிச் செருகிக்கான ஸ்பனர் எனச் சில கருவிகளும் கொடுக்கப்பட்டன. அவற்றுட் பல, சாய்ந்த கையெழுத்தாக அமைந்த ‘போர்ட்’ என்ற பெயரைத் தாங்கியவை. நூறு ஆண்டு கடந்த கருவி, உலகறிந்த பெயர், அழகான எழுத்து ஆகிய யாவும் இருந்தும் அவற்றுட் பொதுவானவை இன்று சில டொலருக்கே விலைபோகின்றன. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட பொருள் எளிதில் அருமையாகிவிடுவதில்லை.

அதற்கு நேர்மாறான சான்று ஜேர்மனியில் உள்ளது. றெம்ஷைட் நகரில் 1868 இல் ஹெர்மன் சேர்வர் என்பவர் தொடங்கிய கருவித் தொழிற்சாலையின் பெயர் ஹாசெற். அவருடைய பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டையும் ஜேர்மன் முறையில் உச்சரித்தால் வருவதே அப்பெயர். இந்நிறுவனம் 1950களில் வட்டமான பெட்டியொன்றில் அடங்கிய கருவித் தொகுதியைச் செய்து விற்றது. போல்க்ஸ்வாகன் வண்டியிலும் போர்ஷே 356 வண்டியிலும் மேலதிகச் சக்கரத்தின் நடுக்குழிக்குள் அப்பெட்டி அளவாகப் பொருந்தியிருக்கும். அது வண்டியோடு எல்லோருக்கும் கிடைத்ததன்று. தனியாகப் பணங்கொடுத்து வாங்க வேண்டியது. ஆகவே வாங்கினோர் சிலர். வாங்கியோருள்ளும் எல்லாத் துண்டுகளையும் தொலையாமற் காத்தவர் மிகச் சிலர். முழுமையான அத்தொகுதி ஒன்றுக்கு இன்று ஆயிரக்கணக்கான டொலர் கேட்கப்படுகின்றது, கொடுக்கவும் படுகின்றது. இன்ன வண்டியின் இன்ன குழிக்குள் இருந்தது என்று சொல்லக்கூடிய கருவிக்கே அவ்வண்டியின் மதிப்பில் ஒரு பங்கு கிடைக்கின்றது. வண்டி அருமையானதாகவும், அதன் உரிமையாளர் அதனைத் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்தவாறே மீட்க விரும்புபவராகவும் இருந்தால், காணாமற்போன ஒரு சிறு ஸ்பனருக்கும் அவர் நல்ல விலை கொடுப்பார்.

ஆகவே விலையை அறிவதற்கு முன் கருவியை இனங்காண வேண்டும். அதற்கு முதல் துணை, கருவியின் உடலிற் பதிந்துள்ள எண்களும் எழுத்துக்களுமே. பிரித்தானியக் கருவிகளில் இவற்றை வாசிப்பது தனியொரு கலை எனலாம்.

ஜோசப் விட்வேர்த் என்னும் பொறியியலாளர் 1841 இல் திருகாணிப் புரிகளுக்கு ஓர் ஒழுங்கை முன்மொழிந்தார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போன போக்கில் புரி வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு மற்றொன்றின் போல்ட்டில் ஏறாது. விட்வேர்த் புரியின் கோணத்தை 55 பாகை என நிலைநிறுத்தி, ஒவ்வொரு தடிப்புக்கும் அங்குலத்துக்கு இத்தனை புரிகள் என வரையறுத்தார். இம்முறைக்குரிய ஸ்பனர்களில் ஒரு புதுமை உண்டு. அவற்றிற் பதிந்துள்ள எண் ஸ்பனரின் வாய் அகலத்தைக் குறிப்பதன்று. அந்த நட்டு ஏறும் போல்ட்டின் தடிப்பையே குறிப்பது. 1/4 அங்குலம் என்றும் ‘டபிள்யூ’ என்றும் பொறித்த ஸ்பனரை அளந்தால், வாய் அரை அங்குலத்தையும் கடந்து 0.525 அங்குலமாக இருக்கும். இதனை அறியாதவர் அளவுகோலை வைத்துப் பார்த்து, எண்ணிலே பிழை இருக்கின்றது என்று முடிவுகட்டி, கருவியை வாளியில் எறிந்துவிடுவர்.

1908 இல் இதைவிட நுண்ணிய புரியுடைய மற்றொரு பிரித்தானிய ஒழுங்கு வந்தது. அதிர்வு மிகுந்த மோட்டார் எஞ்சினுக்கு நுண்புரியே நன்று. இறுகப் பிடித்தால் எளிதில் தளராது. இவ்வொழுங்கில் ஒரே தடிப்புள்ள போல்ட்டுக்கு ஒரு படி சிறிய தலை வழங்கலாயிற்று. ஆகவே ஒரே வாய்க்கு இரண்டு பெயர் வேண்டியதாயிற்று: ஒரு பக்கம் ‘டபிள்யூ 1/4’, அதன் அருகே ‘பி.எஸ். 5/16’. இரண்டாம் உலகப் போரின்போது உருக்கைச் சேமிப்பதற்காக விட்வேர்த் போல்ட்டுத் தலைகளையும் ஒரு படி குறைத்தனர். இரட்டை எண் தாங்கிய ஸ்பனரைக் கண்டு குழம்பவேண்டியதில்லை. பிரித்தானிய வண்டிகளின் பக்கத்திற் பிழைத்த கருவி அஃது என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்போர் இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. அமெரிக்கப் புரியின் கோணம் 60 பாகை, பிரித்தானியப் புரியின் கோணம் 55 பாகை. ஓரணியில் நின்று போரிட்ட நாடுகளின் யந்திரங்கள் ஒன்றுக்கொன்று திருகாணிகூடக் கடன்கொடுக்க முடியாமல் நின்றன. இதனால் 1948 நவெம்பரில் வாஷிங்டனில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்றும் பொதுப் புரி ஒழுங்குக்கு உடன்பட்டன. அதன் பின்னரே பிரித்தானிய ஸ்பனர்களில் ‘ஏ.எப்.’ என்ற இரண்டெழுத்துக்கள் பரவலாகத் தோன்றின. நட்டின் ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரையுள்ள அகலத்தையே இங்கு எண் குறிக்கின்றது. அடுத்து வந்த பதிற்றாண்டுகளில் மில்லிமீற்றர் அளவுகள் இவற்றையும் ஓரங்கட்டின. எனவே 1930களின் வண்டிக்குரிய அசல் தொகுதி என்று ஒருவர் நீட்டும் பையில் ‘ஏ.எப்.’ பொறித்த பிரித்தானிய ஸ்பனர் இருந்தால், அது பின்னர் வந்து சேர்ந்த விருந்தாளி என்று துணிந்து கூறலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மொறிஸ் வண்டிகளின் பழைய எஞ்சின்களிலும் அவ்வழிவந்த எம்.ஜீ. வண்டிகளின் எஞ்சின்களிலும் புரி மீற்றர் முறையில் அமைந்திருக்க, நட்டின் தலை மட்டும் விட்வேர்த் அளவில் இருக்கும். கொவென்றி நகரில் இயங்கிய ஹொச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலையில் மொறிஸ் எஞ்சின்கள் செய்யப்பட்டன. 1923 இல் மொறிஸ் அதனையே வாங்கினார். அங்கிருந்த யந்திரங்களோ பிரெஞ்சு மீற்றர் முறையில் புரி வெட்டுபவை. யந்திரங்களை மாற்றுவதிலும் தலையை மாற்றுவது மலிவு என்று அக்காலத்தவர் கண்டனர் போலும். ஸ்பனர் நட்டின் தலையைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். உள்ளே என்ன புரி என்பதற்கு அது பொறுப்பன்று.

அளவு எண்ணுக்கு அடுத்தது ஆண்டைக் காட்டும் குறி. பிரித்தானியப் படைக்காகச் செய்த கருவிகளில் மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி பொறித்திருக்கும். பறவையின் காலடி போலத் தோன்றும். அதன் அருகே பலவேளைகளில் 1941, 1943 என்றவாறு ஆண்டும் இருக்கும். பேர்மிங்ஹாம் நகரத்து அபிங்டன் நிறுவனம் செய்த ‘கிங் டிக்’ ஸ்பனர்கள் இவ்வம்புக்குறியுடன் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெயரைக் கேட்டு எந்த அரசரோ என்று எண்ணவேண்டா. அஃது ஒரு புல்டொக் நாயின் பெயர். அமெரிக்காவிலோ 1920 இல் மில்வோக்கி நகரில் தோன்றிய ஸ்னாப் ஒன் நிறுவனம் வேறொரு வழியைக் கையாண்டது. ஐந்து பிடிகளும் கழற்றி மாட்டக்கூடிய பத்துக் குழிகளும் ஐம்பது கருவிகளின் வேலையைச் செய்யும் என்று சொல்லி வியாபாரத்தைத் தொடங்கிய நிறுவனம் அது. 1920களின் பிற்பகுதியிலிருந்து அந்நிறுவனம் ஆண்டுக்கு ஒரு குறி எனச் சிறு அடையாளம் பொறித்து வந்தது. எழுத்தின் வடிவமும் இலக்கத்தின் சாய்வும் மாறிமாறி வரும். அதனை வாசிக்கப் பழகியவர் உருப்பெருக்குக் கண்ணாடியின் உதவியுடன் ஆண்டைச் சொல்லிவிடுவார்.

ஆண்டு நேரே பொறிக்கப்படாத அமெரிக்கக் கருவிகளுக்கு ஆக்கவுரிமை இலக்கம் கைகொடுக்கும். 1927 இல் சட்டம் மாறும்வரை ஆக்கவுரிமை வழங்கப்பட்ட திகதியைப் பொறிப்பதே பெருவழக்கு. பின்னர் இலக்கத்தைப் பொறிக்க வேண்டும் என்றாயிற்று. 10 இலட்சமாவது ஆக்கவுரிமை 1911 ஓகஸ்ற் 8 ஆந் திகதியும், 20 இலட்சமாவது 1935 ஏப்பிரில் 30 ஆந் திகதியும், 30 இலட்சமாவது 1961 செப்டெம்பர் 12 ஆந் திகதியும் வழங்கப்பட்டன. முதலாவது ஒரு வண்டிச் சக்கரத்தின் ரயரைப் பற்றியது, இரண்டாவது ஒரு சக்கரத்தின் அமைப்பைப் பற்றியது என்பது இத்துறையினருக்கு ஒரு சிறு பெருமை. ஆனால் இவ்விலக்கம் கூறுவது, கருவி இந்நாளுக்கு முன் செய்யப்பட்டதன்று என்பதை மட்டுமே. ஒரே இலக்கத்தைப் பதினைந்து ஆண்டு அச்சிலிருந்து எடுக்காமலே பொறித்தவர்களும் உண்டு. மேலும், உறுப்புப் பட்டியலுக்குரிய நாலிலக்க எண் தற்செயலாக ஆண்டைப் போலத் தோன்றுவதுமுண்டு. அவ்வெண்ணைக் காட்டி, ‘பாருங்கள், செய்த ஆண்டே இருக்கின்றது’ என்று விற்பவர் எல்லாரும் பொய்யர் அல்லர். அவர்களுட் பலர் தாமே நம்பியிருப்பவர்கள்.

நாட்டின் பெயரும் காலங்காட்டும். ‘மேற்கு ஜேர்மனி’ என்று பொறித்த கருவி 1949 க்கு முந்தியதாக இருக்க இயலாது. 1990 க்குப் பின் அவ்வாறு பொறிக்கக் காரணமுமில்லை.

நிறுவனத்தின் பெயர் மாற்றமும் அத்தகையதே. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1907 இல் தொடங்கிய பிளோம் என்ற கருவி நிறுவனம், தன் பெயரை ஆங்கில ‘ஓ’ எழுத்துடனும், சில காலம் அதற்குப் பதிலாக ‘வீ’ எழுத்துடனும் பொறித்து வந்தது. பிலடெல்பியாவில் சுத்தியலும் கோடரியும் செய்து வந்த பிளம் என்ற வேறொரு நிறுவனம், பெயர்கள் இரண்டும் காதுக்கு ஒன்றே என்று வழக்காடியது. முடிவிலே 1948 இல் பிளோம் நிறுவனம் ‘புரோட்டோ’ என்ற புதுப் பெயரைச் சூடிக்கொண்டது. ஆகவே பழைய பெயருள்ள கருவியையும் புதுப் பெயருள்ள கருவியையும் பிரிக்கும் கோடு தெளிவாக இருக்கின்றது. ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த தொல்லை சேகரிப்போருக்கு வசதியாயிற்று.

எழுத்துத் தேய்ந்துபோன கருவியில் உலோகமே பேசவேண்டும். மிகப் பழைய வண்டிக் கருவிகளிற் பல வார்ப்பிரும்பினால் ஆனவை. தடித்தும் பாரமாயும் இருக்கும். பின் அச்சில் அடித்து வடித்த உருக்கு வந்தது. குரோமியமும் வனேடியமும் கலந்த உறுதியான உருக்கு பரவியபோது கருவியின் கழுத்து மெலிந்தது. அதே பலத்தைக் குறைந்த தடிப்பிற் பெற முடிந்தது. முலாமும் அவ்வாறே. சற்று மஞ்சட் சாயல் கொண்ட நிக்கல் முலாம் முந்தியது. நீலச் சாயல் கொண்ட குரோமிய முலாம் 1920களின் பிற்பகுதிக்குப் பின்னரே வழக்காயிற்று. உலகப் போரின்போது குரோமியமும் நிக்கலும் படைத்தேவைக்குப் போய்விட்டமையால், அக்காலக் கருவிகள் பெரும்பாலும் முலாமின்றிக் கறுப்பாகவோ மங்கிய சாம்பல் நிறமாகவோ வெளிவந்தன. 1943 என்று பொறித்து, கண்ணாடி போல மின்னும் ஸ்பனர் ஒன்று கிடைத்தால், பின்வந்த எவரோ அன்பு மிகுதியினால் அதற்கு முலாம் பூசுவித்திருக்கின்றார் என்று கொள்க. அந்த அன்பு அதன் விலையைப் பாதியாகக் குறைத்திருக்கும்.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் விலையைப் பற்றிச் சொல்வது பயனற்றது. போர்ஷே போன்ற வண்டிகளுக்குப் புதிதாகச் செய்த மாதிரித் தொகுதிகள் வெளிப்படையாகவே மாதிரிகள் என்று விற்கப்படுகின்றன. அதில் குற்றமில்லை, வண்டிக் காட்சியில் பையை நிரப்ப அவை உதவும். ஆனால் அத்தொகுதி மூன்று கை மாறி, இரண்டு மழைக்காலம் கொட்டகையிற் கிடந்து, துருவும் எண்ணெயும் ஏறியபின், ‘பாட்டனார் காலத்தது’ என்ற பெயருடன் திரும்பி வரும். போர்க்காலத்தில் போர்ட் நிறுவனம் செய்த ஜீப் வண்டிகளின் உறுப்புக்களில் ‘எப்’ எழுத்துப் பொறித்திருக்கும்; அவ்வெழுத்தைத் தாங்கிய கருவிக்கும் ஜீப் மீட்போர் கூடிய விலை கொடுப்பர். எழுத்து ஒன்றுக்கு விலை கூடும் இடத்தில், எழுத்து வெட்டும் உளி வைத்திருப்பவன் சும்மா இரான்.

பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் வேறுபடுத்த வழி உண்டு. கருவியை அடித்து வடிக்கும்போதே அச்சிலிருந்து புடைத்தெழுந்த எழுத்தைப் பின்னர் உண்டாக்குவது மிகக் கடினம். குழிந்த எழுத்தே ஐயத்துக்குரியது. பழைய குழியின் விளிம்பு கருவியின் மற்ற விளிம்புகளைப் போலவே மழுங்கியிருக்கும். குழியின் அடியிலும் மேற்பரப்பிலும் துருவின் நிறம் ஒன்றாக இருக்கும். புதிய குழியைச் சுற்றி உலோகம் சிறிது மேடிட்டிருக்கும். விரல் நுனியால் தடவினாலே தெரியும். சுற்றிலும் துரு தின்ற பள்ளங்கள் இருக்க, எழுத்து மட்டும் அப்பள்ளங்களின் மேல் கூர்மையாக ஓடினால், துருவுக்குப் பின்னரே எழுத்துப் பிறந்தது என்பது வெளிப்படை.

இனி விலை. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு என்பதே இங்கு முதல் உண்மை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. விற்பவர் எழுதி ஒட்டும் தொகை அவருடைய ஆசையை மட்டுமே காட்டும். ஏலத்தில் சுத்தியல் விழுந்தபோது நின்ற தொகை, இணைய ஏலங்களில் விற்று முடிந்தவற்றின் பட்டியல் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். அவற்றிலும் ஒன்றைக் கண்டு முடிவுகட்டலாகாது. ஒரே இரவில் ஒரே கருவிக்கு விடாப்பிடியான இருவர் மோதிக்கொண்டால் தொகை விண்ணை எட்டும். அடுத்த மாதம் அதே கருவி கேட்பாரற்றுக் கிடக்கும். பல விற்பனைகளை ஒப்பிட்டு நடுவே நிற்பதைக் கொள்வதே விவேகம். ஏல நிலையத்தார் வாங்குவோரிடம் அறவிடும் மேலதிகக் கட்டணத்தையும், இரும்பை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பும் கூலியையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். மலிவான கருவிக்குத் தபாற்கூலியே விலையை விஞ்சிவிடும்.

தொகுதியின் விலை துண்டுகளின் விலைகளைக் கூட்டிப் பெறுவதன்று. ஜகுவார் நிறுவனம் 1961 இல் வெளியிட்ட ஈ வகை வண்டிக்குச் சுருட்டி வைக்கும் பையொன்றில் கருவிகள் வழங்கப்பட்டன. ஸ்பனர்கள், குறடு, திருப்புளி, காற்றமுக்கமானி, கிறீஸ் கன் என்பவற்றோடு, எஞ்சினின் வால்வு நேரத்தைச் சரிபார்க்கும் சிறு தகடு ஒன்றும் அதில் உண்டு. ஸ்பனரை எவரும் தெரிந்துகொள்வர். இத்தகட்டை வெறும் தகரத் துண்டென்று எறிந்தவர் பலர். ஆகவே பையை நிரப்ப முயல்பவர் ஈற்றில் இதன் முன் வந்து நிற்பார். பத்துத் துண்டு வேண்டிய பையில் ஒன்பது சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோர், பத்தாவதற்கு அதன் எடையைப் பார்த்து விலை பேசமாட்டார். தம் ஒன்பதின் வெறுமையைப் பார்த்தே பேசுவார். அதனால் பத்தும் ஒன்றாயிருக்கும் பையைப் பிரித்து விற்பவர் தம் தலையில் தாமே மண் போடுகின்றார். ஒன்பது துண்டு வைத்திருப்பவரோ, பத்தாவதாக வேறு வண்டியின் துண்டைச் செருகி விற்பதைவிட, இடத்தை வெறுமையாக விட்டு விற்பதே இலாபம். அறிந்தவர் செருகியதைக் கண்டால் மற்ற ஒன்பதையும் ஐயுறுவர்.

நிலையும் விலையும் பிரியாதவை. வாய் விரிந்த ஸ்பனர், குழாய் மாட்டித் திருகியதால் வளைந்த பிடி, அரத்தினால் அகலமாக்கிய வாய் ஆகியன விலையைச் சரிப்பன. மேல் துருவும் எண்ணெய் அழுக்கும் அவ்வளவு கேடில்லை. உண்மையில், கருவியைக் கெடுப்பது துருவைவிடத் துருவை நீக்கும் ஆவலே. சுழலும் கம்பித் தூரிகையில் இரண்டு நிமிடம் பிடித்தால் எண்பது ஆண்டாக நின்ற எழுத்து மறைந்துவிடும். அதனோடு ஆண்டும் பெயரும் விலையும் மறையும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுடன் விடுவது போதும். அதற்கும் முன், கிடைத்த நிலையிலேயே ஒரு படம் எடுத்து வைப்பது நன்று. வாங்குவோர் கேட்கும் முதற் சான்று அது.

இவையெல்லாம் பியூலியிலும் ஹேர்ஷியிலும் உள்ளோரின் பொழுதுபோக்கு என்று இலங்கை நேயர் ஒதுக்கிவிட இயலாது. ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் முதலிய பிரித்தானிய வண்டிகள் இந்நாட்டுக்கு ஏராளமாக வந்தன. அவற்றின் கருவிகளும் உடன் வந்தன. பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, வேறு நாடுகளிற் கழித்தொதுக்கிய வண்டிகளை இங்குள்ள கராஜ்காரர் பிழைக்க வைத்தனர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை அறியாதார் இலர். அவ்வண்டிகளின் நட்டுக்களைக் கழற்றிய ஸ்பனர்கள் எங்கோ இருக்கவேண்டும் அன்றோ?

அவை பெரும்பாலும் இருக்கும் இடம் காலமான ஒரு மெக்கானிக்கின் மரப்பெட்டி. பிள்ளைகள் வேறு தொழிலுக்கோ வேறு நாட்டுக்கோ போயிருப்பர். ஜக்கின் கைப்பிடி கோழிக்கூட்டின் கதவுக்குத் தாழாகியிருக்கும். ஒரு நாள் பழைய இரும்பு வாங்குபவர் தராசுடன் படலையில் நிற்பார். தராசுக்கு விட்வேர்த்தும் தெரியாது, அம்புக்குறியும் தெரியாது. உடைந்த மண்வெட்டிக்கும் கிங் டிக்குக்கும் கிலோ ஒரே விலை. பெட்டி நிறையப் பொன் இருக்கும் என்று எவரையும் ஆசைகாட்டுவது தவறு. உழைத்துத் தேய்ந்த பெட்டி பத்தில் எட்டு, பியூலியின் வாளியிற் கிடப்பவற்றுக்கு ஒப்பானவையே. அவற்றுக்கும் இரும்பு விலைக்கு மேல் ஒரு விலை உண்டு. விட்வேர்த் நட்டுக்களுள்ள பழைய வண்டியொன்றை இன்றும் ஓட்டும் ஒருவருக்கு, தேயாத வாயுடைய விட்வேர்த் ஸ்பனர் வேறு அளவுமுறைக் கருவிகளால் ஈடுசெய்ய முடியாதது; 0.525 அங்குல நட்டில் அரை அங்குல ஸ்பனர் ஏறாது, அதனிலும் பெரிய வாயோ வழுக்கி நட்டின் மூலைகளைத் தின்றுவிடும்.

எஞ்சிய இரண்டு பெட்டிகளுக்காகவே பார்க்கவேண்டியிருக்கின்றது. அதற்குப் பெரும் படிப்பு வேண்டா. பகல் வெளிச்சமும் உருப்பெருக்குக் கண்ணாடியும் ஓர் அரைநாளும் போதும். பொறித்தவற்றை எல்லாம் உள்ளவாறே தாளில் எழுதி, ஒரே பெயருடையவற்றை ஒன்றாக வைத்து, பையோ உறையோ இருந்தால் அதனை எறியாமல் அவற்றுடன் சேர்க்க வேண்டும். எலி கடித்த துணிப்பை விலையற்றதென்று தோன்றும். ஆனால் ஐம்பது ஆண்டாக ஒரே இடத்திற் கிடந்த கருவி துணியிலே துருவினால் தன் உருவத்தை எழுதி வைத்திருக்கும். எந்த மடிப்பில் எது இருந்தது, எத்தனை நீளம், வாய் எப்பக்கம் பார்த்தது என்பதை அக்கறையிலிருந்து அறியலாம். சந்தையில் அனுபவமுள்ளவர்கள் பையை வாங்கியதும் கருவிகளை வெளியே எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் வெறும் துணியையே வெயிலில் விரித்துப் பார்க்கின்றனர்.